ஒரு நாள் முன்னால் வந்தவள்

பொற்கொடி எந்த ஊருக்குப் போனாலும் தனக்கு ஒரு நாள் முன்னதாகவே அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறவள் என்பது பிராக் நகரத்தில்தான் முதன்முதலாகத் தெரிய வந்தது. அதற்கு முன் பென்னாகரத்தை விட்டால் சேலத்துக் கல்லூரி, அதை விட்டால் ஒரே விமானத்தில் ஜெர்மனி என்று இரண்டே இரண்டு தாவல்தான் அவள் தாவியிருந்தாள் என்பதால், அந்த இடங்களுக்கும் அவளுக்கு முன்னால் அவளே போயிருந்தாளா என்று யாரும் விசாரித்துப் பார்த்ததில்லை.

ஜெர்மனியின் கிழக்கு மூலையில், காடும் மூடிப்போன சுரங்கங்களுமாக இருந்த ஒரு சின்னப் பல்கலைக்கழக ஊரிலிருந்து நான்கு பேர் கோடை விடுமுறைக்கு ஆளுக்கொரு முதுகுப்பையோடும் ஒரு ரயில் பாஸோடும் கிளம்பினார்கள். நாகர்கோவில் ஜெபர்சன்தான் எந்த ஊரில் எத்தனை மணிக்கு எந்த ரயில் என்று அட்டவணை போட்டவன். வாணியம்பாடி இம்தியாஸ் தோல் பதனிடும் குடும்பத்துப் பிள்ளை, யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன் செருப்பைப் பார்ப்பான். பொற்கொடியும் சுகிர்தாவும் விடுதியில் ஒரே அறை. சுகிர்தா சிவகாசிக்காரி, அவள் அப்பா காலண்டர் அச்சகத்தில் பிழை பார்ப்பவர், முப்பது வருடமாகத் தேதிகளைச் சந்தேகப்பட்டே சம்பாதித்தவர், அந்தக் கண் மகளுக்கும் வந்திருந்தது. எந்தத் தாள் கைக்கு வந்தாலும் இதில் ஒரு தப்பு இருக்கிறது, அது எங்கே என்றுதான் அவள் படிக்கத் தொடங்குவாள்.

பிராக்கில் அவர்கள் இறங்கிய விடுதியில், செந்தாடி வைத்த வரவேற்பாளன் மற்ற மூவரிடமும் பாஸ்போர்ட் கேட்டான், பொற்கொடியிடம் மட்டும் கேட்காமல் சாவியைக் கொடுத்தான்.

"நேற்று நீ கேட்ட கீழ்ப் படுக்கையையே வைத்திருக்கிறேன். நண்பர்கள் வந்துவிட்டார்களா? நீ சொன்ன மாதிரியே இருக்கிறார்கள். சிரிக்கிறவன் இவன், செருப்பைப் பார்க்கிறவன் அவன்" என்றவன் சுகிர்தாவிடம் வந்ததும் கொஞ்சம் நிறுத்தி, "நம்பாதவள் நீதான்" என்றான்.

நேற்று இந்நேரம் பொற்கொடி ஜெர்மனியில் தங்கள் விடுதிச் சமையலறையில் சுகிர்தாவுக்கு எதிரே நின்று வழிப்பயணத்துக்குச் சப்பாத்தி உருட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் பதிவேட்டில் நேற்றைய தேதிக்கு எதிரே அவள் கையெழுத்து இருந்தது, தமிழில், 'ற்' மேல் புள்ளி வைக்காமல் ஒரு சின்னக் கோடு இழுக்கிற அவளுடைய அதே பழக்கத்தோடு. சுகிர்தா அதை விரலால் தடவிப் பார்த்தாள், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள், இன்றைக்கு ஒரு கையெழுத்துப் போடு பார்ப்போம் என்று பக்கத்திலேயே போடச் சொல்லி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். தப்பு எதுவும் கிடைக்கவில்லை, அதனாலேயே அவளுக்குச் சந்தேகம் கூடியது.

"உண்மையச் சொல்லுடி. எப்ப வந்த?"

"நான் எங்கடி வந்தேன்? நீ பாத்துட்டுத்தானே இருந்த" என்றாள் பொற்கொடி. பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "ஆனா வந்திருந்தா கீழ்ப் படுக்கையத்தான் கேட்டிருப்பேன்" என்றாள்.

அன்று மாலைக்குள் ஆற்றங்கரையில் ரொட்டி விற்கிற அம்மாள் அவளிடம் நேற்று விட்டுப்போன குடையை எடுத்துக் கொடுத்தாள், பாலத்தில் பொம்மலாட்டம் காட்டுகிற கிழவர் நேற்று அவள் பாதியில் விட்டுப்போன ஆட்டத்தின் மீதியை அவளுக்காகவே ஆட்டிக் காட்டினார், ஒரு நாய் அவளைத் தெரிந்த மாதிரி வாலாட்டிக்கொண்டு மூன்று தெரு வரைக்கும் கூட வந்தது. அந்த ஊர்க்காரர்கள் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் கடிகாரங்களே ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை, ஆட்கள் மட்டும் ஒத்துப்போக வேண்டுமா என்று கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

மற்றவர்களுக்கும் அது இரண்டு நாளில் பழகிவிட்டது. ஜெபர்சன் தன் அட்டவணையில் 'பொற்கொடி, நேற்று' என்று ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டுக்கொண்டான். "நமக்கு லாபந்தான் மக்கா, முன்னாடியே போய் இடம் பிடிச்சு வைக்க ஒரு ஆள் இருக்குல்லா" என்றான். இம்தியாஸ் ஒவ்வொரு கடையிலும் நுழைந்ததும் நேற்று இவள் எதைச் சாப்பிட்டாள், நன்றாக இருந்ததென்றாளா, ஹலாலா என்று விசாரித்து வைத்தாளா என்று கேட்டான், அவள் விசாரித்துத்தான் வைத்திருந்தாள். செய்தி வாட்ஸ்அப் வழியாக ஊர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. பென்னாகரத்தில் அரசுப் பேருந்து ஓட்டுகிற பொற்கொடியின் அப்பா, வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு நிதானமாகக் கூப்பிட்டார். "திருவிழான்னா ஒகேனக்கல்லுக்கு ஸ்பெஷல் வண்டி முன்னாடி போவும், ரெகுலர் வண்டி பின்னாடி போவும். ரெண்டும் ஒரே ரூட்டுதான். பின்னாடி போறதுலதான் உக்காந்து வரலாம். நீ உக்காந்து வா சாமி" என்றார். ஜெபர்சனின் அம்மா, முன்னால் போகிற பிள்ளையிடம் சொல்லி வழியில் உள்ள மாதா கோயிலில் எல்லாம் தன் பேருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றச் சொன்னாள். அடுத்தடுத்த ஊர்களில் போய்ப் பார்த்தால் அது ஏற்றப்பட்டு எரிந்து முடிந்திருந்தது.

சுகிர்தாவின் அம்மாவுக்கும் இது ஆச்சரியமாக இல்லை. "நம்ம ஊர்ல அடுத்த வருசத்தையே ஆறு மாசம் முன்னாடி அடிச்சு அடுக்கிடுறோம், ஒரு நாள் முன்னாடி வந்தவளப் போயி என்ன பெருசாப் பேசுற?" என்றாள். அழைப்பை முடிக்கப் போனவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆனா ஒண்ணு. முன்னாடி போறவ உன்னப் பத்தி என்ன சொல்லிட்டுப் போறான்னு மட்டும் கேட்டு வச்சுக்க" என்றாள்.

அதுவரைக்கும் சுகிர்தாவின் சந்தேகம் எப்படி என்பதில் இருந்தது, அதற்குப் பிறகு என்ன என்பதற்குத் தாவிவிட்டது. வியன்னா போகும் ரயிலில் நான்கு மணி நேரமும் வெளியே சூரியகாந்தி வயல்கள் ஓடிக்கொண்டிருக்க, அவள் எதிரே தூங்கிக்கொண்டிருந்த பொற்கொடியின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். பொற்கொடியின் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தாள். எல்லை தாண்டினால் முத்திரை குத்தாத நாடுகள் என்பதால் அது எதற்கும் சாட்சி சொல்லவில்லை. இரட்டைப் பிறவியோ என்று நினைத்தாள், யாராவது பையனைப் பார்க்க ரகசியமாக வந்து போகிறாளோ என்று நினைத்தாள், வேஷமோ வித்தையோ என்றெல்லாம் நினைத்துவிட்டு, எல்லாவற்றையும் விட மோசமானதாக, இவள் எல்லாம் தெரிந்துகொண்டே தெரியாதது மாதிரி தூங்குகிறாளோ என்று நினைத்தாள்.

வியன்னாவில் மழை. கறிவேப்பிலை வாசனையைப் பிடித்துக்கொண்டே போய் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் மளிகைக் கடைக்குள் ஒதுங்கினார்கள். யோகநாதன் என்று பெயர், முப்பத்தைந்து வருடமாக அந்த ஊரில் இருக்கிறவர். பொற்கொடியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்கோ பிள்ளை. நேற்று இந்தக் கதிரையிலைதானே இருந்து மூண்டு மணித்தியாலம் கதைச்சனீங்கள். தேத்தண்ணி போடட்டோ?"

மற்ற மூவரும் தேநீரைக் குடித்துக்கொண்டே முறுக்குப் பாக்கெட்டுகளை ஆராயப் போனார்கள். சுகிர்தா கல்லாப் பக்கம் நகர்ந்தாள்.

"அண்ணா, நேத்து என்ன பேசினா?"

"எல்லாம்தான். தகப்பன்ரை பஸ், அந்த அருவி, படிப்பு. உங்களைப் பற்றியும் சொன்னவா."

"என்னைப் பத்தி என்ன?"

அவர் பருப்புப் பைகளை அடுக்கிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "அது அவவே உங்களுக்குச் சொல்லட்டும் பிள்ளை. நான் கடைக்காரன். கேட்டதை வைச்சிருப்பன், விக்க மாட்டன்" என்றார்.

அப்போது சுகிர்தாவின் கையிலிருந்த தேநீர் ஆறிப்போயிற்று. ஏனென்றால் அவளைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்று இருந்தது.

போன நவம்பரில் பேராசிரியரின் ஆய்வகத்தில் உதவியாளர் இடம் ஒன்று காலியாக, பொற்கொடியை வெள்ளிக்கிழமை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். புதன்கிழமை மதியம், ஆய்வகத்தின் செயலாளர் அம்மாள் நடைபாதையில் சுகிர்தாவைப் பார்த்து, நேர்முகம் ஒரு நாள் முன்னால் நகர்ந்துவிட்டது, உன் அறைத்தோழியிடம் சொல்லிவிடு என்றாள். சுகிர்தா சரி என்றாள். அறைக்கு வந்தபோது பொற்கொடி இல்லை. சொல்ல மறந்தது முதல் ஒரு மணி நேரம்தான், அதற்குப் பிறகு மறந்ததாக வைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையோடு, சுகிர்தாவையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போன பொற்கொடி, தேதியைத் தப்பாகப் படித்தது தான்தான் என்று நினைத்து, பேராசிரியரிடம் மூன்று முறை மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். அடுத்த வாரம் அந்த இடம், அதற்குத் தானும் விண்ணப்பித்திருந்த சுகிர்தாவுக்குக் கிடைத்தது. பொற்கொடி மாணவர் உணவகத்தில் தட்டுக் கழுவப் போனாள், போவதற்கு முன் சுகிர்தாவுக்குக் கேசரி கிண்டிக் கொடுத்து வாழ்த்துச் சொன்னாள்.

தெரியுமா, தெரியாதா? தெரிந்தால் எப்படி இவ்வளவு சாதாரணமாகத் தோளில் சாய்கிறாள்? தெரியாதென்றால் ஊர் ஊராகப் போய் எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்? வியன்னாவின் அரண்மனைகளையும் தோட்டங்களையும் சுகிர்தா பார்க்கவே இல்லை. ஐஸ்கிரீம் விற்கிறவள், அருங்காட்சியகக் காவலாளி, குதிரைவண்டிக்காரன் என்று பொற்கொடிக்குக் கை அசைத்த ஒவ்வொருவர் கண்ணையும்தான் பார்த்தாள், எல்லோரும் தன்னை ஒரு விநாடி கூடுதலாகப் பார்ப்பதாகவே அவளுக்குப் பட்டது.

அடுத்த ஊரான லுப்லியானாவில் அது உறுதியானது. ஆற்றோரச் சந்தையில் தேன் விற்கிற பெண் பொற்கொடியை ஒரு தரம் அணைத்து விட்டுவிட்டு, சுகிர்தாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கெட்டியான, பிசுபிசுத்த கை.

"நீதான் சுகிர்தா. உன்னை நல்லவள் என்றுதான் சொன்னாள்" என்றாள் அந்தப் பெண். "அழுதுகொண்டே சொன்னாள்."

அன்று மதியமே சுகிர்தா முடிவு செய்தாள். அடுத்த ஊர் திரியெஸ்தே, கடலோரம், பயணத்தின் கடைசி ஊர். நாளை மதிய வண்டிக்கு நால்வரும் கிளம்புவதாகத் திட்டம். அதற்கு ஒரு நாள் முன்னால் போனால், ஒரு நாள் முன்னால் போகிறவளை அங்கேயே பிடித்துவிடலாம்.

தெரிந்த அக்கா ஒருத்தி அங்கே இருக்கிறாள், இன்றே போய்ப் பார்க்க வேண்டும் என்று சொன்னாள். ஜெபர்சனுக்கு அட்டவணை உடைந்த கோபம். "பொய் சொல்லுகதுக்கும் ஒரு முகம் வேணும் பாத்துக்க, உனக்கு அது இல்ல" என்றான். இம்தியாஸ், "அங்க இருக்கிற பொற்கொடிக்கு நான் சலாம் சொன்னேன்னு சொல்லு" என்றான். பொற்கொடி மட்டும் அவள் பையின் வாரை இழுத்துச் சரி செய்துவிட்டு, "போயிட்டு வா. நான் அங்க இருப்பேன் இல்ல, தனியா ஆயிட மாட்ட" என்றாள். அதை அவள் வேடிக்கைக்குச் சொல்கிறாளா, மிரட்டுகிறாளா, ஆறுதலாகச் சொல்கிறாளா என்று இரண்டரை மணி நேர ரயில் பயணம் முழுக்க சுகிர்தா யோசித்துக்கொண்டே போனாள்.

திரியெஸ்தேயில் தேட வேண்டியிருக்கவில்லை. கடலுக்குள் நீண்டு போகிற கல்துறை ஒன்று இருந்தது, அதன் நுனியில் சாயங்கால வெயிலில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் ஒரு பை நிறைய பீச் பழத்தோடு பொற்கொடி உட்கார்ந்திருந்தாள். அதே நீலத் துப்பட்டா. அதே இடது புருவத் தழும்பு. ஆனால் முகம் மட்டும், நன்றாக அழுது முடித்தவர்கள் முகம் போலக் கழுவி விட்டாற்போல இருந்தது.

"வந்துட்டியா? உக்காரு" என்றாள். "இன்னும் ரெண்டு ஊர் முன்னாடியே நீ வருவேன்னு நெனச்சேன்."

சுகிர்தா உட்காரவில்லை. "யாருடி நீ?"

"என்னடி கேள்வி இது. பழம் தின்னு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

பொற்கொடி கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நால்வரும் கிளம்பியதற்கு முந்தின நாள் இவள் கிளம்பினாளே, அப்போது நிலையத்தில் அந்தச் செயலாளர் அம்மாள் விடுமுறைக்குப் போகிற ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தாளாம். ஏன் அன்றைக்கு வரவில்லை, உன் தோழியிடம் சொல்லி அனுப்பினேனே என்று கேட்டாளாம். "பிராக்ல கோவமா இருந்துச்சு. பாலத்துல நின்னு உன்னத் திட்டினேன், அந்தப் பொம்மலாட்டத் தாத்தா பயந்துட்டாரு. வியன்னால சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுது. லுப்லியானால அழுதேன். அழுது முடிச்சதும் பசிச்சுது."

அப்போதுதான் சுகிர்தா கல்லில் உட்கார்ந்தாள். நவம்பர் புதன்கிழமையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். மறந்த ஒரு மணி நேரத்தையும், மறக்காத மீதி நாட்களையும், கேசரியை மிச்சம் வைக்காமல் தின்றதையும். பொற்கொடி ஒரு பழத்தை எடுத்து அவள் கையில் வைத்தாள். "விடுடி" என்றாள் கடைசியில். அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "நான் விட்டுட்டேன். நீயும் விடு" என்றாள். இருவரும் பை காலியாகும் வரை பழம் தின்றார்கள்.

மறுநாள் காலை அவள் இல்லை. மதியத்துக்கு மேல் ரயில் வந்து நின்றபோது மூன்று பேர் இறங்கினார்கள். ஜெபர்சன், இம்தியாஸ், தூக்கக் கலக்கத்தோடு பொற்கொடி. சுகிர்தா ஓடிப் போய் அவளைக் கட்டிக்கொண்டாள். பொற்கொடியின் கை அவள் முதுகில் சும்மா தட்டியது, வெறும் பயண அலுப்புத் தட்டல்.

"நேத்து..." என்று ஆரம்பித்தாள் சுகிர்தா.

"நேத்து இவனுங்க துணியெல்லாம் சேத்துத் துவைச்சேன். கை எரியுதுடி" என்றாள் பொற்கொடி.

அவளுக்குத் தெரியாது. சுகிர்தா அந்தக் கண்களைக் கையெழுத்தைப் பார்த்தது போலச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள், எதுவும் இல்லை. சொல்லாமல் விட்டுவிடலாம். மன்னிப்புத்தான் கிடைத்துவிட்டதே, அதே வாயிலிருந்து, அதே துப்பட்டாவிலிருந்து. ஊருக்கு ஊர் ஆட்கள் இவளிடம் வாய் தவறிச் சொல்லும் வரைக்கும் காத்திருக்கலாம், அல்லது அவர்கள் சொல்லவே மாட்டார்கள். பிளாட்பாரத்தின் கடைசிக்குப் போவதற்குள் இவ்வளவும் அவள் மனதில் ஓடியது. கடைசிக்குப் போனதும் அவள் நின்று, மற்ற இருவரையும் முன்னால் போகச் சொல்லிவிட்டு, பையைக் கூட இறக்காமல் இரண்டாம் தடவையாக எல்லாவற்றையும், முன்னால் வந்தவள் ஊர் ஊராகத் திட்டி அழுததையும் சேர்த்துச் சொன்னாள். நேற்றைவிட இது கஷ்டமாக இருந்தது, நேற்று கேட்டவளுக்கு முன்பே தெரியும்.

அவர்களைத் தாண்டி ஒரு சரக்கு வண்டி முழுதாகப் போய் முடிந்தது.

"நான் புரொபசர்ட்ட மூணு வாட்டி மன்னிப்புக் கேட்டேன்" என்றாள் பொற்கொடி. "நீ பக்கத்துலதான் நின்ன."

"நேத்து நீ என்னை மன்னிச்சுட்ட" என்றாள் சுகிர்தா. சொன்னதும் அது எவ்வளவு கேவலமாகக் கேட்கிறது என்று அவளுக்கே தெரிந்தது.

"அவ மன்னிச்சா அது அவ பாடு. அவ மூணு ஊர்ல திட்டி, பேசி, அழுது தீத்துட்டு வந்திருக்கா. நான் இப்பத்தான் ஆரம்பிக்கணும்."

பொற்கொடி வந்த ரயில் மேடைக்கே திரும்பி நடந்தாள். வந்த வழியே போகிற வண்டி அரை மணியில் இருந்தது. இம்தியாஸ் அவள் பின்னால் ஓடினான், ஜெபர்சன் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான், ஆனால் அவள் கையைக் கூட அசைக்காமல் ஏறிப் போய்விட்டாள்.

மூன்று பேர் பல்கலைக்கழக ஊருக்குத் திரும்பினார்கள். மூவருக்குள்ளும் பேச்சு குறைந்துபோயிருந்தது. சுகிர்தா முதல் நாளே ஆய்வகத்துக்குப் போய், பேராசிரியரிடம் நடந்ததைச் சொல்லி, அந்த இடத்தை விட்டுவிட்டு வந்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மற்ற ஊர்களிலிருந்து செய்தி மட்டும் வந்துகொண்டிருந்தது. லுப்லியானாவில் ஒரு தமிழ்ப்பெண் பாலத்தில் நின்று சத்தமாகத் திட்டிக்கொண்டிருந்தாள் என்று அங்கே போய்வந்த யாரோ சொன்னார்கள். வியன்னாவில் யோகநாதன் கடையில் இரண்டாம் தடவையாக அதே கதையைக் கேட்டு, இரண்டாம் தடவையாகத் தேத்தண்ணி போட்டார் என்றும், முதல் தடவை கேட்டதாகவே காட்டிக்கொண்டார் என்றும் தெரிய வந்தது. பிறகு இரண்டு வாரம் சத்தமில்லை. பிறகு சுகிர்தாவின் போனுக்கு ஒரே வரி: சனிக்கிழமை மதியம் வருகிறேன்.

ஆனால் கதவு வெள்ளிக்கிழமை மதியமே தட்டப்பட்டது. வெயிலில் கறுத்து, தோளில் பையோடு பொற்கொடி நின்றாள். "சோறு இருக்கா?" என்றாள்.

சுகிர்தாவுக்குப் புரிந்துவிட்டது. இது முன்னால் வருகிறவள், ஏற்கெனவே விட்டுவிட்டவள். விடாதவள் நாளைக்கு வருவாள். அதனால் அவள் பயப்படாமல் சோறு போட்டாள், ரசம் ஊற்றினாள், எதிரே உட்கார்ந்து பேசவும் செய்தாள். ஆனால் கண் மட்டும் நிமிடத்துக்கு ஒரு தரம் கதவுப் பக்கம் போய் வந்தது. ஜெபர்சனும் இம்தியாஸும் வந்து பார்த்துவிட்டு, நாளைக்கு வருகிறவளிடம் எப்படிப் பேச வேண்டும் என்று இவளிடமே யோசனை கேட்டார்கள். பொற்கொடி சிரிக்காமல் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள், குளித்தாள், தன் கட்டிலில் படுத்துத் தூங்கினாள்.

சனிக்கிழமை காலையிலேயே சுகிர்தா அடுப்பைப் பற்ற வைத்துவிட்டாள். பருப்பு, கத்தரிக்காய், அப்பளம். இரண்டு தட்டு வைத்து, சற்றுத் தள்ளி மூன்றாவதாக ஒரு தட்டை வைத்தாள். பதினோரு மணி ரயில் வந்தது. ஒரு மணி ரயில் வந்தது. நிலையத்துக்கும் விடுதிக்கும் பத்து நிமிட நடைதான். ஒவ்வொரு ரயிலுக்கும் அவள் அந்தப் பத்து நிமிடத்தை மனதுக்குள் நடந்து முடித்துக் கதவைப் பார்த்தாள். மூன்று மணி ரயிலும் வந்து போனது. யாரும் வரவில்லை.

"யாருக்குடி இந்தத் தட்டு?" என்றாள் பொற்கொடி.

"உனக்கு. இன்னிக்கு வர்ற உனக்கு."

பொற்கொடி அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அப்பளத்தை உடைத்து ஒரு பாதியைச் சுகிர்தாவின் தட்டில் வைத்தாள். நிமிர்ந்து பார்த்தபோது அவள் கண்ணில் கோபமும் இருந்தது, அது அங்கேயே இன்னும் கொஞ்ச நாள் இருக்கப் போவது போலவும் இருந்தது.

"நான்தான் நேத்தே வந்துட்டேனே" என்றாள்.